கொதிக்கிற தண்ணீரில் வரும் குமிழிக்குள் என்ன இருக்கிறது?



பதிவு கொஞ்சம் நீளம். வேதியியல் என்றாலே ஓடுகிற என் உறவுக்காரர்கள் நடுவில் வரும் இட்லிக் கணக்கு வரைக்கும் படித்தால் போதும். மாணவர்கள், அதுவும் இப்போது ஆசிரியராக இருப்பவர்கள், கடைசி வரை படியுங்கள். உங்களிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது.

போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். இப்போது ஒரு கல்லூரியில் வேதியியல் உதவிப் பேராசிரியர். "மேடம், எங்க காலேஜ்ல எஃப்.டி.பி. நடத்துறாங்க. சுத்துவட்டாரக் கல்லூரிகள்ல இருந்து கெமிஸ்ட்ரி டீச்சர்ஸ் நாப்பது பேர் வர்றாங்க. ஆக்டிவ் லேர்னிங் பத்தி ஒன்றரை மணி நேரம் என்னைப் பேசச் சொல்லியிருக்காங்க. நீங்கதான் நிறைய பேருக்கு ட்ரெயினிங் குடுத்திருக்கீங்களே, உங்க பி.பி.டி.யை அனுப்புங்க மேடம்" என்றாள்.

"பேசச் சொன்னாங்களா?" என்று கேட்டேன்.

"ஆமா மேடம்."

"அங்கதான்மா தப்பு ஆரம்பிக்குது" என்றேன். அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. ஏனென்றால் அதே தப்பை நானும் செய்திருக்கிறேன், அதுவும் பல வருடம். பி.பி.டி. அனுப்பவில்லை. எழுதி அனுப்புகிறேன் என்று சொன்னேன். எழுத உட்கார்ந்ததும் இது அவளுக்கு மட்டும் எழுத வேண்டிய விஷயம் இல்லை என்று தோன்றியது.

நான் 1984-ல் வேலையில் சேர்ந்தேன். என் வகுப்பு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். கையில் குறிப்பு கிடையாது. கரும்பலகையை நான்காகப் பிரித்து இடது மூலையில் ஆரம்பித்தால், மணி அடிக்கும்போது வலது கீழ் மூலையில் கடைசிச் சமன்பாடு முடிந்திருக்கும். நடுவில் யாரும் பேசக்கூடாது. கடைசி ஐந்து நிமிடம் "எனி டவுட்ஸ்?" என்று கேட்பேன். யாருக்கும் இருக்காது. பல்கலைக்கழகத் தேர்வில் என் தாளில் தேர்ச்சி எப்போதும் நன்றாகவே இருக்கும். 'மேடம் க்ளாஸ்' என்றால் வேறு துறைப் பிள்ளைகள்கூட ஜன்னல் பக்கம் நின்று கேட்பார்கள். அதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

1994 என்று ஞாபகம். இரண்டாம் ஆண்டில் வேதிச் சமநிலை நடத்திக்கொண்டிருந்தேன். பள்ளிப் படிப்பைத் தமிழ் வழியில் முடித்து வந்த ஒரு பையன் திடீரென்று எழுந்து, "மேடம், சமநிலைன்னா வினை நின்னு போச்சா?" என்று கேட்டான். அப்போதுதான் மாறிலிக்கான கோவையைப் பாதி எழுதியிருந்தேன். "அதான் நோட்ஸ்ல தெளிவா இருக்கே, படிச்சுப் பாரு. உட்காரு" என்றேன். வகுப்பு சிரித்தது. அவன் உட்கார்ந்தான். அந்த வருடம் முழுக்க அவன் வேறு எதுவும் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. அவன் கதைக்குப் பிறகு வருகிறேன்.

2006-ல் ஒரு பல்கலைக்கழகத்தில் மூன்று வாரப் புத்தாக்கப் பயிற்சிக்குப் போனேன். ரெஃப்ரெஷர் கோர்ஸ் முடித்தால்தான் பதவி உயர்வு. அதனால் போனேன், உண்மையைச் சொல்ல என்ன இருக்கிறது. இரண்டாவது வாரத்தில் பாடம் எடுக்க வந்த ஒருவர் பாடமே எடுக்கவில்லை. ஆளுக்கொரு துண்டுச் சீட்டைக் கொடுத்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "தண்ணீர் நன்றாகத் தளதளவென்று கொதிக்கிறது. அடியிலிருந்து குமிழ் குமிழாக மேலே வருகிறது. அந்தக் குமிழிக்குள் என்ன இருக்கிறது?"

நாங்கள் முப்பத்தைந்து பேர், எல்லோரும் கல்லூரி ஆசிரியர்கள். சீட்டுகளைப் பிரித்தால் சில பேர் காற்று என்று எழுதியிருந்தார்கள். இரண்டு சீட்டில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் என்று இருந்தது. நான் நீராவி என்று சரியாகத்தான் எழுதியிருந்தேன். காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளாத குறை. அவர் அமைதியாகச் சொன்னார்: "சரியா எழுதினவங்க ஊருக்குப் போய் உங்க கடைசி வருஷ மாணவர்கள்கிட்ட இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்க."

கேட்டேன். மூன்றாம் ஆண்டு பி.எஸ்ஸி., 38 பேர். நீராவி என்று எழுதியவர்கள் 14 பேர். மீதிப் பேரில் பாதிக்கு மேல் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும். வகுப்பிலேயே முதல் மதிப்பெண் வாங்கும் பெண்ணும் அதில் இருந்தாள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு மோல் தண்ணீரை ஆவியாக்கச் சுமார் 41 கிலோஜூல் வேண்டும் என்று தெரியும். ஓர் ஆக்சிஜன்-ஹைட்ரஜன் பிணைப்பை உடைக்க மோலுக்குச் சுமார் 463 கிலோஜூல் என்றும் தெரியும், தண்ணீரில் அப்படி இரண்டு பிணைப்பு. இரண்டையும் நான்தான் நடத்தினேன். இரண்டிலும் கணக்குப் போட்டு முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறார்கள். ஆனால் அடுப்பில் கொதிக்கும் தண்ணீரையும் அந்த எண்களையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. அடுப்புச் சூட்டில் தண்ணீர் மூலக்கூறு உடைந்துவிடும் என்றால், நம் வீட்டுச் சமையலறையில் தீக்குச்சி கிழிக்க முடியுமா? இந்த ஒரு கேள்வியை இருபத்திரண்டு வருடத்தில் நான் கேட்டதே இல்லை.

பிறகு தேடித் தேடிப் படித்தேன். 1987-லேயே நரன்பர்ன், பிக்கரிங் என்ற இருவர் இதை அமெரிக்க வேதியியல் கல்வி இதழில் எழுதியிருக்கிறார்கள். வாயு விதிக் கணக்கைச் சரியாகப் போடும் மாணவர்கள், அதே விஷயத்தைத் துகள் படமாகக் கேட்டால் தடுமாறுகிறார்கள் என்று. கிளாஸ்கோவில் இருந்த அலெக்ஸ் ஜான்ஸ்டோன் சொன்னது இன்னும் தெளிவு. வேதியியலுக்கு மூன்று தளம்: கண்ணால் பார்ப்பது, கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறு, காகிதத்தில் எழுதும் குறியீடு. நமக்குப் பழகிப்போனதால் மூன்றுக்கும் நடுவில் தாவிக்கொண்டே இருப்போம். புதிதாகக் கேட்பவனுக்கு அது மூன்று வெவ்வேறு பாடம்.

சரி, இனி மாற்றிவிடலாம் என்று இறங்கினேன். முதல் வருடம் படுதோல்வி. ஐந்து ஐந்து பேராகப் பிரித்து "டிஸ்கஸ் பண்ணுங்க" என்றேன். ஒருவன் எழுதினான், நான்கு பேர் கிரிக்கெட் பேசினார்கள். சத்தம் கேட்டுப் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்தார். இரண்டு வாரத்தில் பிள்ளைகள் முதல்வரிடம் போய், "மேடம் இப்பல்லாம் பாடமே நடத்துறதில்லை" என்று சொல்லிவிட்டார்கள். என்னைப் பற்றி அப்படி ஒரு புகார் வந்தது அதுதான் முதல் தடவை. அழுதேன். பழையபடி நான்கு கட்டம் போட்டுக் கரும்பலகைக்கே திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

அந்தப் புகாருக்கு ரொம்ப நாள் கழித்து ஒரு விளக்கம் கிடைத்தது. 2019-ல் ஹார்வர்டு இயற்பியல் வகுப்புகளில் ஓர் ஆய்வு செய்தார்கள். தாங்களே செய்து கற்ற வகுப்பில் பிள்ளைகள் உண்மையில் அதிகம் கற்றிருந்தார்கள். ஆனால் "எதில் அதிகம் கற்றீர்கள்?" என்று கேட்டபோது, சரளமான விரிவுரையில்தான் அதிகம் கற்றதாகச் சொன்னார்கள். நன்றாகப் பேசும் ஆசிரியரைக் கேட்டால் நமக்கே புரிந்துவிட்ட மாதிரி இருக்கும். தானே யோசிக்கும்போது தலை வலிக்கும், புரியாத இடம் எல்லாம் வெளியே தெரியும். என் கர்வத்துக்குக் காரணமாக இருந்த அந்தச் சரளம் எத்தனை பேரை ஏமாற்றியிருக்கும்!

மெல்ல மெல்லச் சிறிதாக்கிக்கொண்டேன். ஒரு வகுப்புக்கு ஒரு கேள்வி. ஹார்வர்டின் எரிக் மசூர் 1990களில் பரப்பிய முறைதான். கேள்வியைக் கொடு. பேசாமல் தனியாக யோசிக்க ஒரு நிமிடம். நான்கு வண்ண அட்டையில் ஒன்றைத் தூக்கச் சொல். பெரும்பாலானவர்கள் தப்பு என்றால் திரும்ப விளக்கு. எல்லோரும் சரி என்றால் நகர்ந்துவிடு. பாதிக்குப் பாதி என்றால் அதுதான் நல்ல நேரம். "பக்கத்துல வேற கலர் தூக்கினவங்களை உங்க பக்கம் இழுங்க" என்று இரண்டு நிமிடம் விடு. மறுபடி அட்டை. பிறகு நாம் விளக்கலாம். மொத்தம் ஏழெட்டு நிமிடம். கருவி எதுவும் வேண்டாம். ஸ்டேஷனரிக் கடை சார்ட் பேப்பர் போதும்.

இதில் ஒன்று கவனித்தேன். பக்கத்துப் பிள்ளையிடம் பேசும்போது எல்லோரும் தமிழுக்கு மாறிவிடுவார்கள். அப்போதுதான் உண்மையான கேள்விகள் வெளியே வரும். ஆங்கிலத்தில் வாய் திறக்காத பெண், "அது எப்படிடீ, சூடு பண்ணா உடையும்னா டீ போடுறப்போ வீடே வெடிக்கணுமே" என்று தோழியிடம் வாதாடினாள். நான் இரவெல்லாம் யோசித்த வாதத்தை அவள் ஒரு நிமிடத்தில் பிடித்துவிட்டாள்.

இனி பயிற்சி கொடுத்த கதை. 2009-ல் பக்கத்து மாவட்டத்தில் ஒரு பயிலரங்குக்கு என்னைக் கூப்பிட்டார்கள். ஆசையாகத் தயாரித்துப் போனேன். 64 ஸ்லைடு. செயல்வழிக் கற்றல் என்றால் என்ன, அதன் வரலாறு, வகைகள், நன்மைகள் எல்லாம் இரண்டு மணி நேரம் மூச்சு விடாமல் பேசினேன். பின்னூட்டப் படிவத்தில் எல்லோரும் 'மிக நன்று'. பொன்னாடை போர்த்தினார்கள். ஆறு மாதம் கழித்து அதில் பத்துப் பேருக்குப் போன் செய்து, "ஏதாவது முயற்சி பண்ணீங்களா?" என்று கேட்டேன். ஒருவர்கூட இல்லை. ஒருவர் மட்டும், "மேடம், அந்த பி.பி.டி. இருக்குங்களா? எங்க காலேஜ்ல நான் ஒரு டாக் குடுக்கணும்" என்றார்.

சும்மா உட்கார்ந்து கேட்காதீர்கள் என்று இரண்டு மணி நேரம் சும்மா உட்கார வைத்துச் சொல்லியிருக்கிறேன்! நீச்சல் பற்றிப் பேசிவிட்டு யாரும் குளத்தில் இறங்கவில்லையே என்று வருத்தப்பட்டிருக்கிறேன். அதன்பிறகு நான் ஸ்லைடு கொண்டு போனதில்லை. ஓய்வு பெற்ற 2017 வரையிலும், அதற்குப் பின்னும், செய்தது இவ்வளவுதான். அந்தப் பெண்ணுக்காக வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் ஆசிரியர்களை மாணவராக்கு. ஆளுக்கொரு வெள்ளைத்தாள் கொடு. ஒரு கட்டத்துக்குள் மூன்று நைட்ரஜன் மூலக்கூறு, ஆறு ஹைட்ரஜன் மூலக்கூறு. முடிந்தவரை வினைபுரிந்து அம்மோனியா ஆகிவிட்டது. இப்போது கட்டத்துக்குள் என்ன இருக்கும்? வரையச் சொல். கணக்காகக் கேட்டால் அரை நிமிடத்தில் முடிப்பவர்கள் படம் என்றதும் பேனாவைக் கடிப்பார்கள். சிலர் மிச்சம் இருக்கும் நைட்ரஜனை விட்டுவிடுவார்கள். சிலர் இரண்டு அம்மோனியாவை ஒரே கட்டியாக ஒட்டி வரைவார்கள். சரியான விடை நான்கு அம்மோனியா, ஒரு நைட்ரஜன்.

உறவுக்காரர்களே, இதுதான் இட்லிக் கணக்கு. ஒரு தட்டுக்கு இரண்டு இட்லி, ஒரு வடை. உங்களிடம் இருபது இட்லியும் மூன்று வடையும் இருந்தால் எத்தனை தட்டு வைக்கலாம்? மூன்றுதான். பதினான்கு இட்லி மிச்சம். வடை எங்கே தீர்ந்ததோ அங்கே வினை முடிந்தது. இதைத்தான் நாங்கள் வரம்புக் கரணி என்று பெயர் வைத்துப் பயமுறுத்துகிறோம். நீங்கள் இப்போது போகலாம்.

ஒரு பயிலரங்கில் என்னைவிட மூத்த பேராசிரியர் ஒருவர் அந்தத் தாளைக் கசக்கிவிட்டு, "நாங்க என்ன ஒன்பதாம் கிளாஸ் பசங்களா?" என்று எழுந்துவிட்டார். அறை அமைதியாகிவிட்டது. "சார், நான் 22 வருஷம் நடத்தியும் என் பிள்ளைங்கள்ல பாதிப் பேருக்கு மேல கொதிக்கிற தண்ணியே தெரியலை. அதைத் தெரிஞ்சுக்காமலே ரிட்டயர் ஆகியிருப்பேன்" என்று என் கதையைச் சொன்னேன். உட்கார்ந்தார். மதியம் சாப்பிடும்போது என்னிடம் வந்து, "படம் தப்பாத்தாம்மா போட்டேன். அதான் கோவம் வந்துடுச்சு" என்றார். அவரை நான் என்றும் மறக்கமாட்டேன். தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்கிற அந்தப் பயம்தான் நம் வகுப்பில் தினமும் அறுபது பேருக்கு இருக்கிறது. அதை ஆசிரியர் ஒரு தடவை தன் உடம்பில் உணர வேண்டும். ஸ்லைடில் எழுதிக் காட்டினால் ஏறாது.

இரண்டாவது, கையால் செய்ய ஒன்று கொடு. எனக்குப் பிடித்தது சமநிலை விளையாட்டு. இரண்டு மெஷரிங் சிலிண்டர். முதலாவதில் 50 மில்லி தண்ணீர், இரண்டாவது காலி. முதலாவதுக்குத் தடித்த கண்ணாடிக் குழாய், இரண்டாவதுக்கு மெல்லிய குழாய். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குழாயை அடிவரை விட்டு, மேல்வாயை விரலால் மூடி, எடுத்த தண்ணீரை எதிர் சிலிண்டரில் விட வேண்டும். ஒவ்வொரு முறையும் அளவைக் குறிக்க வேண்டும். முதலில் வேகமாக மாறும். போகப் போக மாற்றம் குறையும். ஒரு கட்டத்தில் இரண்டு அளவும் அப்படியே நிற்கும். ஆனால் கைகள் நிற்காது. இரண்டு அளவும் சமமாகவும் இருக்காது. தடித்த குழாய் உள்ள பக்கம் தண்ணீர் குறைவாக நிற்கும். 50 மில்லியை மாற்றி இரண்டாவதில் ஊற்றி ஆரம்பித்தாலும் அதே இடத்தில்தான் வந்து நிற்கும். ஒரு பக்கம் இன்னும் 20 மில்லி ஊற்றினால் மறுபடி நகர்ந்து, அளவுகள் கூடினாலும் பழைய விகிதத்திலேயே நிற்கும். லெ சாட்லியே அந்த மேசை மேல் வந்து உட்கார்ந்துவிடுவார்.

மூன்றாவது, அவர்களையே ஒரு கேள்வி தயாரிக்க வைத்து, பத்து நிமிடம் நடத்த வை. மற்ற ஆசிரியர்கள் மாணவராக உட்கார வேண்டும். முடிந்ததும் "நல்லா இருந்தது" என்று யாரும் சொல்லக் கூடாது. மாணவர் எத்தனை நிமிடம் யோசித்தார்கள், ஆசிரியர் எத்தனை நிமிடம் பேசினார், இதை மட்டும் சொல்ல வேண்டும். கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் காத்திருக்கிறோம் என்றும் பார்க்கச் சொல். மேரி பட் ரோ என்ற அமெரிக்கப் பேராசிரியை பள்ளி வகுப்புகளில் அளந்து பார்த்தபோது ஆசிரியர்கள் சுமார் ஒரு வினாடிதான் காத்திருந்தார்கள். மூன்று வினாடியாக நீட்டினாலே விடைகள் நீண்டன, பேசாதவர்கள் பேசினார்கள். நாம் கேள்வியும் கேட்டு விடையும் சொல்கிற வேகத்தைப் பார்த்தால் நமக்கே வெட்கமாக இருக்கும்.

நான்காவதுதான் முக்கியம். ஒரே நாளில் முடித்துவிட்டுப் போகாதே. ஒரு கல்லூரிக்கு ஒருவர் என்று வராமல் இரண்டு பேராக வரச் சொல். தனியாள் திரும்பிப் போனால் துறையின் கேலியில் கரைந்துவிடுவார். ஒரு மாதத்தில் ஒரே ஒரு கேள்வி வகுப்பில் கேட்பதாக எழுதி வாங்கிக்கொள். ஒரு மாதம் கழித்துப் போன் செய். 2009-ல் பத்துக்குப் பூஜ்யம். பிறகு இப்படிச் செய்த ஒரு குழுவில் இருபத்தி நான்கு பேரில் பதினேழு பேர் செய்திருந்தார்கள். பாதிப் பேர் சொதப்பியும் இருந்தார்கள். "மேடம், ஒரே கத்தல்" என்றார்கள். "முதல் வருஷம் அப்படித்தான். ரெண்டாவது கேள்வி கேளுங்க" என்றேன். அந்த ஒரு போனை ஒரு நாள் பயிலரங்கோடு விட்டிருந்தால் அவர்களும் நான் அழுத இடத்திலேயே நின்றிருப்பார்கள்.

எங்கே போனாலும் சிலபஸ் எப்படி முடிப்பது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நான் வருடா வருடம் சிலபஸை முடித்தேன், பிள்ளைகள்தான் முடிக்கவில்லை என்பேன். 2014-ல் ஃப்ரீமனும் குழுவினரும் அறிவியல், கணிதம், பொறியியல் வகுப்புகளில் நடந்த 225 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகளில் தோல்வி 33.8 சதவீதம். மாணவர்களும் செய்து கற்ற வகுப்புகளில் 21.8 சதவீதம். நூறு பேரில் பன்னிரண்டு பேர். அந்தப் பன்னிரண்டு பேர் யார் என்று நம் ஊர் ஆசிரியருக்குச் சொல்லவே வேண்டாம். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைகள் அதில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இப்போது அந்தப் பையன் கதை.

2013-ல் திருப்பூரில் ஒரு கல்யாணம். பந்தியில் ஒருவர் வந்து, "மேடம், நான் உங்க ஸ்டூடண்ட்" என்றார். முகத்தைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. சாயப்பட்டறையில் டையிங் மாஸ்டராம். பி.எஸ்ஸி.யில் இரண்டு தாள் பாக்கி, முடிக்கவில்லையாம். "உங்க க்ளாஸ் சூப்பரா இருக்கும் மேடம். எனக்குத்தான் ஒண்ணும் புரியாது" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். எனக்கு இலையில் கை ஓடவில்லை.

வேலையைப் பற்றிக் கேட்டேன். "சாயத்தைத் தண்ணில கலக்குனா எல்லாமே துணில ஏறிடாது மேடம். கொஞ்சம் ஏறும், கொஞ்சம் தண்ணிலயே நிக்கும். உப்புப் போட்டா தண்ணிய விட்டுத் துணிக்குப் போகும். அப்புறம் சோடா ஆஷ் போட்டாத்தான் அங்கயே பிடிச்சுக்கும், திரும்பி வராது" என்றார்.

"சோடா ஆஷ் போடுறதுக்கு முன்னாடி, தண்ணியோட நெறம் மாறாம நிக்குதே, அப்ப சாயம் ஏறுறது நின்னு போச்சா?" என்று கேட்டேன்.

"இல்ல மேடம். ஏறுறதும் இருக்கும், எறங்குறதும் இருக்கும். ரெண்டும் ஒரே வேகத்துல நடக்கறதால நமக்கு நின்ன மாதிரி தெரியும்."

1994-ல் அவர் என்னிடம் கேட்ட கேள்விக்கு 2013-ல் அவரே விடை சொன்னார். என் நோட்ஸிலிருந்து வந்த விடை இல்லை அது. சாயத் தொட்டி முன்னால் நின்று கண்டுபிடித்தது. அன்று அவர் கேள்வியை வகுப்பிடமே திருப்பிக் கேட்டு, "நின்னு போச்சா, இல்லையா? பக்கத்துல பேசிப் பாருங்க" என்று இரண்டு நிமிடம் விட்டிருந்தால் அந்த வகுப்பின் மிகச் சிறந்த பாடமாக அது இருந்திருக்கும். அவருக்கு அந்தச் சம்பவம் ஞாபகம் இருந்ததா என்று தெரியாது. நான் நினைவுபடுத்தி, "அன்னைக்கு உன்னை உட்காரச் சொன்னது தப்புப்பா" என்றேன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல மேடம், பாயசம் வாங்கிக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவரிடம் சொல்லிவிட்டேன். உங்களிடம் இன்னும் சொல்லவில்லை. 2006-க்கு முன்னால் என்னிடம் படித்தவர்களே, "எனி டவுட்ஸ்?" என்று கேட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்ததற்காகவும், கையைத் தூக்கியவர்களை உட்கார வைத்ததற்காகவும் மன்னித்துவிடுங்கள். உங்களுக்குப் புரியாமல் போனதில் பெரும்பகுதி உங்கள் தப்பு இல்லை.

போன் செய்த பெண்ணே, உன் ஒன்றரை மணி நேரத்தில் நீ பதினைந்து நிமிடத்துக்கு மேல் பேசாதே. மீதி நேரம் அந்த நாற்பது பேரும் பேசட்டும். சிலிண்டரும் குழாயும் உன் லேபிலேயே இருக்கும். முடித்துவிட்டு ஒரு மாதம் கழித்து அவர்களுக்குப் போன் செய். எத்தனை பேர் செய்தார்கள் என்று எனக்கும் சொல்லு.

மற்றவர்கள் கமெண்டில் ஒன்று எழுதுங்கள். என் வகுப்பில் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்ட கேள்வி ஏதாவது இருந்தால் இப்போது கேளுங்கள். எத்தனை வருடம் ஆனாலும் பரவாயில்லை. எனக்கு இப்போது நிறைய நேரம் இருக்கிறது, மணியும் அடிக்காது.

அன்புடன்,
உங்கள் கெமிஸ்ட்ரி மேடம்